கம்பளத்தின் கடைசிக் கோடு

அந்த அக்கா மூடுபனியைக்கூட நம்பமாட்டார். மூணாறில் காலை வேளையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி இறங்கும். ஜீப் ஊர்ந்துதான் வந்தது என்று சொல்லிக்கொண்டு யாராவது மூச்சிரைக்க ஓடி வந்தால், "பனியா? எந்த வளைவுல? அந்த ரோட்டுலதான நானும் வந்தேன், என் கண்ணுல படலையே" என்பார். மாமனார் இறந்துவிட்டார் என்று லீவு கேட்ட பெண்ணிடம், "பந்தல் யாரு போட்டா?" என்று கேட்டார். மாமனார் நிஜமாகவே இறந்திருந்தார். துக்க வீட்டில் பந்தல்காரர் பேரை யார் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்? காரியம் முடிந்து திரும்பிய அந்தப் பெண் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ பழசா இருக்கே" என்றார்.

மூணாறுக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு ரிசார்ட்டில் அவர் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நான் அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. மேனேஜருக்கும் அக்கா, வாட்ச்மேனுக்கும் அக்கா, எனக்கும் அக்கா. மனதுக்குள் நான் வைத்திருந்த பேர்கள் வேறு. அவற்றை இங்கே எழுத முடியாது.

எனக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை. புருஷனோடு இனி ஒத்துவராது என்று ஆனபிறகு அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தேன். அண்ணி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் நான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும். என் சோற்றை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மலையேறியவள் நான். வேலை போனால் திரும்பிப் போக வீடு உண்டு, உள்ளே நுழைய முகம்தான் கிடையாது. அதனால் அக்காவின் பார்வை என் மேல் விழும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையை இன்னும் வேகமாகச் செய்வேன். அது எப்போதும் என் மேல்தான் விழும். மற்றவர்கள் எல்லாம் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், நான் ஒருத்திதான் வெளியூர்க்காரி.

"ஏ புள்ள, ஒன் ஊரு என்ன சொன்ன?"

"கொழிஞ்சாம்பாறைங்க அக்கா."

"அங்கிட்டு இருந்து இம்புட்டு தூரம் எதுக்கு வந்த? கோயம்புத்தூரு பக்கத்துலதான இருக்கு? அங்க வேலையா இல்ல?"

"எனக்குக் குளிரு புடிக்குமுங்க அக்கா."

"குளிரு யாருக்கும் புடிக்காது" என்று சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வேலை முடிந்து கிளம்பும்போது லாண்டரிக்குப் பக்கத்துப் பின்வாசலில் நிற்பார். கைப்பை, டிபன் பாக்ஸ், ஸ்வெட்டர் பாக்கெட், காலுறை, கொண்டை என்று ஒன்றையும் விடமாட்டார். சமையல்காரரின் தொப்பியைக்கூடக் கழற்றச் சொல்வார். ஆனால் எங்களைத் தொடுவதற்கு முன்னால் தன் பையைத்தான் வாட்ச்மேன் எதிரில் மேஜையில் கவிழ்ப்பார். சீப்பு, தைல பாட்டில், மாத்திரை அட்டை, மடித்த பிளாஸ்டிக் கவர் எல்லாம் விழும். வாட்ச்மேன் வயதானவர். சங்கடப்பட்டுக்கொண்டு கூரையைப் பார்ப்பார். "கூரையில என்ன இருக்கு? இங்கிட்டுப் பாருங்க" என்று அவருக்கும் ஒரு அதட்டல் விழும். என்ன ஒரு நாடகம் என்று நானும் செல்வியும் சிரிப்போம். செல்வி என்னோடு அறை வேலை பார்த்தவள், அங்கே எனக்கு இருந்த ஒரே சிநேகிதி.

ரிசார்ட் முதலாளிக்குக் கம்பளப் பைத்தியம். குளிர் ஊரில் விருந்தாளியின் கால் வெறும் தரையில் படக்கூடாது என்பது அவர் கொள்கை. வாசலில் தேங்காய் நார் விரிப்பு. தாழ்வாரம் முழுக்க, நெருக்கி நெய்த மெல்லிய கார்ப்பெட். வரவேற்பறையில் சிவப்புக் காஷ்மீர்க் கம்பளி. யோகா அறையில் பவானி ஜமுக்காளம். மாடியில் இருந்த பெரிய சூட் அறையில், கால் வைத்தால் விரல்கள் காணாமல் போகும் அளவுக்கு முடி நீண்ட வெள்ளைக் கம்பளம். இத்தனையையும் துடைப்பத்தாலும், இழுத்தால்தான் வருவேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பழைய வேக்குவம் கிளீனராலும் பெருக்கிக்கொண்டிருந்தோம். செல்வி இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். அதன்பிறகுதான் தானாக நகரும் வேக்குவம் மெஷின் வந்தது.

கோயம்புத்தூரிலிருந்து அதைக் கொண்டுவந்த விற்பனைக்காரர் டை கட்டியிருந்தார். "கைப்பிடிய லேசா முன்னால குடுத்தாப் போதுமுங்க மேடம், சக்கரம் அதுவா உருண்டு போயிரும். பின்னால இழுத்தா அதுவா வந்துரும். குழந்தைகூட ஓட்டலாமுங்க" என்றார். அவர் பேச்சில் எங்கள் ஊர்ச் சாயல் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அக்காவுக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது.

"ஒங்க ஊரா?" என்று என்னிடம் கேட்டார்.

"பக்கமா இருக்குமுங்க அக்கா."

"ம்" என்று இழுத்துவிட்டு விற்பனைக்காரர் பக்கம் திரும்பினார். "தானா போகும்னா, யாரு சொல்லிப் போகும்?"

"உங்க கை சொல்லுறதுதானுங்க மேடம். கைய எந்தப் பக்கம் குடுக்கறீங்களோ அந்தப் பக்கம் மோட்டார் சக்கரத்தை உருட்டுமுங்க."

"கை சொல்லாதப்ப?"

"நின்னுருமுங்க."

"நின்னுரும்னு நீங்க சொல்லுறீக."

அவர் தாழ்வாரத்தில்தான் ஓட்டிக் காட்டினார். மெல்லிய கார்ப்பெட்டில் அது போன அழகைப் பார்க்கவேண்டும். கை பட்டும் படாமலும் இருந்தால் போதும், கடைசி அறை வரை விறுவிறுவென்று போய், சொன்ன இடத்தில் திரும்பி வந்தது. நாங்கள் கைதட்டினோம். அக்கா கைதட்டவில்லை. "இங்கன ஓடுது. எல்லா எடமும் இது மாதிரியா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்த மனிதரை ஒவ்வொரு கம்பளமாக அழைத்துக்கொண்டு போனார். போலீஸ்காரர் ஆளைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது.

வரவேற்பறைக் கம்பளியிலும் மெஷின் போகத்தான் போனது. கொஞ்சம் இழுவை இருந்தது, அவ்வளவுதான். ஆனால் தூசி விழும் பையைத் திறந்து பார்த்தால் சிவப்புச் சிவப்பாக நூல் பஞ்சு. "இது கார்ப்பெட்டையில்ல திங்குது" என்றார் அக்கா.

"புதுக் கம்பளிங்க மேடம், கொஞ்ச நாளைக்கு முடி உதிரத்தான் செய்யும்."

"நான் இங்க வரையிலயே இது இங்க கெடந்துச்சு."

அந்த மனிதர் சற்று யோசித்துவிட்டு, பிரஷ்ஷை மேலே தூக்கும் திருகைக் காட்டினார். வாசல் நார் விரிப்பில் மெஷின் கடகடவென்று அதிர்ந்து, உறிஞ்சியதைவிட அதிகமாக நாரைக் கிளப்பியது. யோகா அறையில் நடந்ததுதான் பெரிய கூத்து. மெஷின் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் சக்கரம் ஜமுக்காளத்தைப் பின்னால் தள்ளிச் சுருட்டிவிட்டது. ஓரத்துக் குஞ்சம் பிரஷ்ஷில் சிக்கி, மோட்டார் ஊளையிட்டது. செல்வி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

பிறகு இரண்டு பேர் சேர்ந்து அந்தப் பிணக்கனத்தை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு சூட்டுக்குப் போனோம். வெள்ளைக் கம்பளத்தில் இறக்கியதும் அது சேற்றில் இறங்கின மாடு மாதிரி நின்றுவிட்டது. உறிஞ்சுகிற வேகத்தில் கம்பளத்தையே கவ்விக்கொண்டது, சக்கரம் சுற்றியும் நகரவில்லை. விற்பனைக்காரர் வேர்த்துப்போய், பிரஷ்ஷை நிறுத்தி, உயரத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி, தானாக நகரும் விசையையும் அணைத்தார். "இந்த மாதிரி முடி நீண்டதுக்கு மட்டும் கையாலயே ஓட்டிக்கோணுமுங்க மேடம்."

"அப்ப தானா போகாது."

"இதுல போகாதுங்க."

"அதத்தான மொதல்லயே கேட்டேன்" என்றார் அக்கா. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு திருப்தியைப் பார்த்தேன்.

மேனேஜர் மெஷினை ஏற்கெனவே வாங்கியிருந்தார். அதை யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது அக்கா யோசிக்காமல் என்னைக் காட்டினார். "இவ கையில குடுங்க சார். இது சத்தம் போட்டுக்கிட்டேதான் போகும். இவ எங்க நிக்கான்னு எனக்கும் தெரிஞ்சிரும்." என்னை வைத்துக்கொண்டே சொன்னார். எனக்குக் காது சுட்டது.

அன்றிலிருந்து நானும் மெஷினும் சேர்ந்தே கண்காணிக்கப்பட்டோம். அறைக்குள் வேலையை ஜன்னல் ஓரத்தில் தொடங்கவேண்டும். பின்பக்கமாக நகர்ந்து வாசல் வரை இழுத்துக்கொண்டே வரவேண்டும். இழுத்த இடத்தில் மறுபடி கால் படக்கூடாது. வெள்ளைக் கம்பளத்தில் அப்படி இழுத்தால் முடி ஒரு வரி வெளிச்சமாகவும் ஒரு வரி இருட்டாகவும் படிந்து, உழுத வயல் மாதிரி கோடு கோடாகக் கிடக்கும். அக்கா வாசலில் நின்று கடைசிக் கோடு வரை பார்ப்பார். அந்த வாசலிலேயே என் பாக்கெட், காலுறை, கொண்டை, மெஷினின் தூசிப் பை எல்லாவற்றையும் ஒரு சோதனை. சூட்டுக்கு வருகிறவர்கள் பெரிய இடம் என்பதால் அங்கே மட்டும் சாயங்காலம் வரை காத்திருக்கமாட்டார். பிறகு அவரே பூட்டுவார்.

மெஷின் சுளுவாக ஓடும் தாழ்வாரக் கார்ப்பெட்டை அவருக்குப் பிடிக்காது. "இது ஒண்ணையும் சொல்லாது. யாரு வந்தாலும் போனாலும் வாய மூடிக்கிட்டுக் கெடக்கும்" என்பார். எங்கள் முதுகை ஒடித்த வெள்ளைக் கம்பளத்தின் மேல்தான் அவருக்குப் பிரியம். அதில் பூனை நடந்தால்கூடத் தெரியும்.

எனக்கும் அவர் மேல் சந்தேகம் இருந்தது. சாயங்காலம் ஆனால் தூசிப் பையை எடுத்துக்கொண்டு பாய்லர் கொட்டகைக்குள் போவார். கையில் தேயிலை ஃபேக்டரியில் கழித்துப் போட்ட ஒரு சல்லடை இருக்கும். கதவைச் சாத்திக்கொள்வார்.

"கம்மல், மூக்குத்தி எல்லாம் விழாதா பின்ன? அக்கா சலிச்சு எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டு போகும்" என்றாள் செல்வி.

ஒருநாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார். ஏதோ பொடிசாக ஒன்றை விரல் நுனியில் எடுத்து ஊதி, ஒரு தேயிலை டப்பாவுக்குள் போட்டு மூடினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம்மைத் திருடியாகப் பார்க்கிறவர் தானே திருடியாக இருந்துவிட்டால் அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. சோதனைக்குக் கைகளைத் தூக்கி நிற்கும்போதெல்லாம் அந்த டப்பாவை நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலத்தில் மெஷின் நின்றுபோனது. முதலில் உறிஞ்சவில்லை, பிறகு ஈரச் சாக்கு மாதிரி ஒரு நாற்றம், பிறகு சத்தமே இல்லை. அக்கா நேராக மேனேஜரிடம் போய், "இந்தப் புள்ளதான் ஓட்டுறா. என்னத்தையோ உள்ள விட்டுருக்கா சார். இவ மேல எனக்கு நம்பிக்கை கிடையாது" என்று சொல்லிவிட்டார். நான் துணி அலமாரி அறையில் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவரை நினைத்தாலே எரிந்தது.

மெக்கானிக் வந்து குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து கறுப்பாகக் களி மாதிரி வந்தது. மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தேயிலைங்க. காப்பி டீ எல்லாம் மெஷினுக்கு ஊத்துவீங்களா?"

அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அந்தக் காலத்து எஸ்டேட் பங்களாக்களில், டீ போட்ட சக்கையைப் பிழிந்து கம்பளத்தில் தூவிவிட்டுத்தான் பெருக்குவார்களாம். தூசி பறக்காமல் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், கம்பளத்துக்கு நிறமும் போகாது. மெஷின் சரியாக உறிஞ்சுகிறதா என்று நம்பிக்கையில்லாத அக்கா, தினமும் நாங்கள் வருவதற்கு முன்னால் வரவேற்பறைக் கம்பளியில் சக்கையைத் தூவி வைத்திருக்கிறார். துடைப்பத்துக்கு அது தோதுதான். மெஷினின் வயிற்றுக்குள் போய்ச் சாந்தாக இறுகிவிட்டது.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மூணாறில் தேயிலை எங்கேதான் இல்லை? ஆனால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். "சார், அது நான் போட்ட சக்கை. இந்தப் புள்ள இல்ல."

"போகட்டே அக்கா" என்றார் மேனேஜர். அவர் கோட்டயத்துக்காரர், மலையாளம் கலந்து பேசும் சாது.

வெளியே வந்ததும் என்னிடம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். "அதுக்காக நீ சரியான ஆளுன்னு ஆயிராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மழை விட்டுக் குளிர் ஏறிய நாள் ஒன்றில் சூட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். இரண்டாம் நாள் காலையில் ஜீப்பில் மலைமுகடு பார்க்கப் போனார்கள். நான் வழக்கம்போல விசையை அணைத்து, கையால் இழுத்து இழுத்து அறையை முடித்தேன். வாசலில் வழக்கம்போலச் சோதனை நடந்தது. மதியம் அவர்கள் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் மேனேஜர் என்னை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பெண்ணின் மோதிரத்தைக் காணவில்லை. ஜன்னல் பக்கத்து மேஜையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனாளாம்.

"நான் எடுக்கலீங்க சார்" என்றேன். எந்தத் திருடியும் முதலில் சொல்வது அதைத்தான் என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

"போலீஸைக் கூப்பிடுங்க" என்றார் அந்தக் கணவர். திருடி என்று ஒரு இடத்தில் பேர் விழுந்தால் அந்த மலையில் எந்த ரிசார்ட்டும் கதவு திறக்காது. கொழிஞ்சாம்பாறைக்கும் செய்தி போகும். அண்ணி அப்போதும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டாள். அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். "அக்கா, இவ மேல நம்பிக்கை இல்லைன்னு நீங்கதன்னே அன்னைக்குச் சொன்னது?"

"ஆமா சார். நம்பிக்கை கிடையாது. இப்பவும் கிடையாது."

தீர்ந்தது என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்பிக்கை இல்லாததுனாலதான் சொல்லுறேன்" என்றார் அக்கா. "நம்பியிருந்தா பாத்திருக்க மாட்டேன்ல? இவ வெளிய வந்ததும் இந்த வாசல்லயே பாத்தேன். பாக்கெட்டு, காலுறை, கொண்டை. மெஷினு பையையும் இங்கனயே பிரிச்சுக் கொட்டிப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. கதவ நான் பூட்டுனேன். சாவி என் இடுப்ப விட்டுப் போகல. இவுக வந்ததும் நான்தான் தொறந்து விட்டேன். கோடு ஜன்னல்ல இருந்து வாசல் வரைக்கும் போட்டது போட்டபடி கெடந்துச்சு. ஒரு காலு படல. இவ எடுக்கல சார்."

கணவர் விடவில்லை. "அப்ப உங்களை யாரு செக் பண்ணினது?"

நான் அக்காவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவருக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு, பையைக் கொண்டுவரச் சொல்லி அந்த வெள்ளைக் கம்பளத்தில் கவிழ்த்தார். சீப்பு, தைலம், மாத்திரை, மடித்த கவர். இடுப்புச் சுருக்குப்பையைப் பிரித்து உதறினார். செருப்பைக் கழற்றித் தட்டினார். கடைசியாகக் கொண்டையை அவிழ்த்தார். நரைமுடி முதுகில் விழுந்தது. நாங்கள் யாரும் அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை. மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"எங்க ரெண்டு பேரையும் பாத்தாச்சு. இந்த ரூம்புக்குள்ள வந்து போனது இன்னும் ரெண்டு பேரு" என்றார் அக்கா.

"அக்கா!" என்று மேனேஜர் பதறினார்.

"பாத்துட்டா தீந்துச்சு சார். பாக்காமலே எப்புடித் தீரும்?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. குளிர் ஜாக்கெட்டின் பாக்கெட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் வீசினாள். கைக்குட்டை, உதட்டுக் களிம்பு, ஜீப்பில் போட்டுக்கொண்டு போன கம்பளிக் கையுறை. "பார்த்துக்கங்க, திருப்திதானே?" அக்கா எதையும் தொடவில்லை. "கையுறையத் திருப்பிக் காட்டுங்கம்மா" என்றார். அவள் வெடுக்கென்று இழுத்துத் திருப்பினாள். இறுக்கமான கையுறை, விரல் விரலாக உள்பக்கம் வெளியே வந்தது. மோதிரவிரலில் மோதிரம் மாட்டிக்கொண்டிருந்தது. குளிரில் சுருங்கின விரலிலிருந்து கையுறையோடு சேர்ந்து கழன்றிருக்கிறது. மேஜையில் கழற்றி வைத்தது முந்தின நாளாம்.

அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். மேனேஜர் என்னை டீ குடிக்கப் போகச் சொன்னார். அக்கா மண்டியிட்டுத் தன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏ புள்ள" என்றார். "ஒன் டிபன் பாக்ஸு ரெண்டு அடுக்குல்ல? கீழ் அடுக்க நான் சரியாப் பாக்குறதில்ல. நாளையில இருந்து பாக்கணும்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் பார்க்கவும் செய்தார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், மெஷினின் பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டிருந்த தலைமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டு லாண்டரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு டப்பாவைப் பற்றிக் கேட்டேன். உடனே கொண்டுவந்து திறந்தார். கம்மலின் திருகுகள், பாசிமணி, சட்டைப் பொத்தான்கள், ஒரு குழந்தையின் பால்பல். ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் அவ்வப்போது காட்டிவிட்டுத்தான் வைத்திருந்தாராம். அவளைக் கேட்டிருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும். கேட்க எங்களுக்கு ஆசையில்லை.

"பல்லத் தேடிக்கிட்டு யாரு வரப்போறா? ஆனாலும் தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். "சின்ன வயசுல ஒரு பங்களாவுல வேலைக்கு நின்னேன். அந்தம்மா தங்கம். பெத்த மக மாதிரி என்னைய நம்புனாக. ஒருநாளும் என் பையத் தொட்டதில்ல. ஒரு வெள்ளிக் கரண்டி காணாமப் போச்சு."

"அப்புறமுங்க அக்கா?"

"அப்புறம் என்ன? திட்டக்கூட இல்ல, இனி வர வேணாம்னுட்டாக. நான் எடுக்கலன்னு எடுத்துச் சொல்ல அவுக கையில என்ன இருந்துச்சு? நம்பிக்கை ஒண்ணுதான் இருந்துச்சு. அது அன்னைக்கு இல்லாமப் போயிருச்சு."

கத்தரிக்கோல் நிற்காமல் முடியை வெட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் எடுத்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அவரிடம் பழகின பழக்கம். கேட்காமல் விழுங்கிவிட்டேன். கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கமாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

முழங்கால் வலி அதிகமாகி, போடியில் இருந்த மகள் வீட்டுக்குப் போவதென்று வேலையை விட்டார். அவர் இடத்துக்கு என்னைப் போடச் சொன்னதும் அவரேதான் என்று மேனேஜர் சொன்னார். கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து ஒரு சால்வை போர்த்தினோம். செல்வி அழுதாள். வாட்ச்மேன் முன்வாசலில் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸைத் திருப்பிவிடப் போயிருந்தார். பின்வாசலில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

அக்கா வந்து பையை மேஜையில் வைத்தார். "பாரு" என்றார்.

"வேண்டாமுங்க அக்கா. உங்களைப் போயி நான் பாக்கறதா? போயிட்டு வாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தில் கோபத்தையும் சந்தேகத்தையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பாக்காம விட்டேன்னா, நாளைக்கு இங்க ஒரு கரண்டி காணாமப் போனா, நான் எடுக்கலன்னு எவ சொல்லுவா?"

நான் பையை வாங்கிக் கவிழ்த்தேன். சீப்பைப் பார்த்தேன், தைல பாட்டிலைத் திறந்து பார்த்தேன், மடித்த கவரைப் பிரித்துப் பார்த்தேன். சால்வையை வாங்கி உதறினேன். காலுறையைத் தொட்டேன். குனியச் சொல்லிக் கொண்டையை அமுக்கிப் பார்த்தேன். நாங்கள் எல்லாம் நின்ற மாதிரியே கைகளைத் தூக்கிக்கொண்டு அவர் நின்றார்.

"டிபன் பாக்ஸ், கீழ் அடுக்கையும் தொறங்க அக்கா" என்றேன்.

திறந்தார். கழுவித் துடைத்து வைத்திருந்தார், உள்ளே ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லைங்க அக்கா, நான் பாத்துட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜீப் நின்ற இடத்துக்கு நிமிர்ந்து நடந்து போனார்.